மாதாவுக்கு ஒரு வலது கால்

மாதா துணை
பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை ஊர் உலகத்துக்கெல்லாம் பல் செட் கட்டிக் கொடுத்துவிட்டு நீ பட்டினி கிடக்கிறாயா? இங்கே நான் நலம், என் தையல் மெஷின் நலம். உன் அத்தான் மட்டும் நலமில்லை.

போனில் சொல்லலாம்தான். ஆனால் போன் இருப்பது அவர் கட்டிலருகே. நான் ஒரு வாக்கியம் பேசினால் அதில் பாதியை அவர் திருத்துவார். அதனால்தான் கடிதம்.

வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் காட்டி, "எலும்பும் எலும்பும் உரசுதும்மா. ஆபரேஷன் பண்ணி மூட்டை மாத்திடலாம். தள்ளிப் போட்டீங்கன்னா அப்புறம் நடக்கறதே கஷ்டம்" என்று சொல்லிவிட்டார். நாங்கள் இருப்பதோ மாடி வீடு. மழைக்காலம் முடிந்ததிலிருந்து மனுஷன் தானாகப் படியிறங்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தையே விசிலடித்து ஓடவிட்ட டிரில் மாஸ்டர், இன்று குளியலறைக்குப் போக என் தோளைப் பிடிக்கிறார்.

ஆபரேஷன் என்ற வார்த்தையைக் கேட்டதும் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கெஞ்சினேன், சண்டை போட்டேன். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். நீ பிழைக்கப் போன தேசத்தில் உன் ஊரிலிருந்து நாட்டெல்லையைத் தாண்டினால் மலை மேல் ஒரு மாதா கோயில் இருக்கிறதாமே, அங்கே நோவுள்ள உறுப்பை மெழுகில் வாங்கிக் காணிக்கை வைப்பார்களாம். நம் பங்குச் சாமியார் போய் வந்து பிரசங்கத்தில் சொன்னதை இவர் பிடித்துக்கொண்டார். "உன் தம்பி அங்க போய் எனக்கு ஒரு கால் வெக்கட்டும். அப்புறம் நானே மேசையில ஏறிப் படுத்துக்கறேன்" என்கிறார்.

நீ கோயில் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று எனக்குத் தெரியும். மாதாவுக்காகப் போக வேண்டாம், எனக்காகப் போ. வலது கால். மறந்துவிடாதே.

தபால்காரரைத் தொந்தரவு செய்யும்
உன் அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். இங்கே குளிர் இன்னும் விடவில்லை. கடையில் வேலை அதிகம். ஒரு பாட்டுக்காரருக்கு மேல் பல்வரிசை கட்டிக் கொடுத்தேன், இப்போது பாடும்போது விசில் வருகிறது என்று திரும்பி வந்துவிட்டார். அதைச் சரி செய்வதிலேயே வாரம் போய்விட்டது.

அத்தானை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். நல்ல தைலம் ஒன்று அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்
தம்பி


மாதா துணை
மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரித்ததற்கு நன்றி. உன் கடிதத்தில் குளிர் இருந்தது, பாட்டுக்காரர் இருந்தார், தைலம்கூட இருந்தது. கால் மட்டும் இல்லை.

தைலத்தை அவர் தொடவில்லை. நான் கழுத்தில் தடவிக்கொண்டேன். நேற்றுக் கட்டிலிலிருந்து எழும்போது வலி தாங்காமல் கத்திவிட்டார். பிறகு அது கத்தல் இல்லை, கொட்டாவி என்று சொல்கிறார். டாக்டர் மே மாதம் தேதி தருகிறேன் என்கிறார்.

போவாயா, மாட்டாயா?

அக்கா


ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? போய்விட்டு வந்துவிட்டேன். திருப்தியா?

யாத்திரை பஸ்ஸில் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். போகும்போதும் வரும்போதும் பஸ் முழுக்கப் பாடுவார்களாம். அதனால் ஒரு தனிக் கார் பிடித்தேன். மளிகைக்கடைக் கண்ணாடியில் விளம்பரம் ஒட்டியிருந்தது: ஒரே நாளில் போய்த் திரும்பலாம், நம் பாஷை பேசப்படும் என்று. ஓட்டுகிறவர் ஒரு அம்மாள். என் வயதுதான் இருக்கும். கணவர் காலமாகிவிட்டாராம், அவருடைய காரைத்தான் ஓட்டுகிறார். வண்டிக்குள் சாப்பிடக் கூடாது, கண்ணாடியை இறக்கக் கூடாது, முக்கியமாகத் தூங்கக் கூடாது. "பின்னாடி ஒருத்தர் குறட்டை விட்டா எனக்கும் கண்ணு சொருகும்" என்றார். இப்படி ஒரு கறாரான ஆளை நான் பார்த்ததில்லை. வழியெல்லாம் என்னைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார், தூங்குகிறேனா என்று.

கோயில் வாசலில் வரிசையாக மெழுகுக் கடைகள். கை, கால், காது, வயிறு, முழுக் குழந்தை எல்லாம் கொக்கியில் தொங்குகின்றன. வேலைப்பாடு படு மோசம் அக்கா. முழங்கால் சில்லு என்ற ஒன்று மனிதனுக்கு உண்டு என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. கிடைத்ததில் நல்லதாக ஒரு கால் வாங்கி, பீடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். அத்தான் பெயரையும் சொன்னேன். மாதாவிடம் பேசியது பல வருஷத்துக்குப் பிறகு. கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

ஒரு சின்ன விஷயம். திரும்பி வரும்போது அந்த அம்மாள் கேட்டார்: "உங்க அத்தானுக்கு எந்தக் கால்ல வலி?"

"வலது கால்."

"அப்போ எதுக்கு இடது காலை வாங்கினீங்க?"

நான் என்ன செய்வது? என் தொழிலில் வாய் எப்போதும் என்னைப் பார்த்துத் திறந்திருக்கும். எனக்கு இடப்பக்கம் இருப்பது ஆளுக்கு வலப்பக்கம். இத்தனை வருஷமாகக் கண் தானாகவே அப்படி மாற்றிப் பார்த்துப் பழகிவிட்டது. கடையில் கால்கள் ஜோடி ஜோடியாகச் சுவரைப் பார்த்துத் தொங்கின. நான் வழக்கம்போல இடப்பக்கம் இருந்ததை எடுத்துவிட்டேன்.

மாதாவுக்குப் புரியும் என்று நினைக்கிறேன். அத்தானிடம் சொல்ல வேண்டாம்.

அன்புடன்
தம்பி


மாதா துணை
மே 3

தம்பி,

நலமா என்று கேட்கிற நிலைமையில் நான் இல்லை.

உன் கடிதத்தை அவரே பிரித்துப் படித்துவிட்டார். உன் அத்தான் வாழ்நாள் முழுக்க லெஃப்ட், ரைட் என்பதைத் தவிர வேறு எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. அப்பேர்ப்பட்டவருக்கு இடது வலது தெரியாத மச்சினன்! "என் கிரவுண்டுல இருந்திருந்தா வெயில்ல நிக்க வெச்சிருப்பேன்" என்று ஒரு நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் கேட்கிறேன், இத்தனை வருஷத் தையலில் நான் என்றாவது சட்டையின் இடக் கையை வலப்பக்கம் வைத்துத் தைத்திருக்கிறேனா?

இதில் வேடிக்கை என்னவென்றால், இடது கால் சும்மாவே நன்றாக இருந்தது, இப்போது இன்னும் நன்றாக இருக்கிறதாம். "இது மட்டும் தனியா வாக்கிங் போகத் தயாரா இருக்குடி" என்று தட்டிக் காட்டுகிறார். வலது கால் மோசமாகிக்கொண்டே போகிறது. மாதா சொன்னபடிதான் செய்வார், நாம்தான் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று டாக்டரிடமே வாதாடி, மே மாதத் தேதியை விட்டுவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்னொரு தடவை போய் வா. தயவுசெய்து. போகும்போது அந்த டிரைவரம்மாவையும் கடைக்குள் கூட்டிக்கொண்டு போ. அவருக்காவது கால் எது என்று தெரிகிறது.

அக்கா


ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். அழாதே. உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

நேற்றுப் போனேன். நீ சொன்னபடி அந்த அம்மாளையும் கடைக்குள் அழைத்துக்கொண்டு போனேன். ஒரு கடையிலும் வலது கால் இல்லை. தீர்ந்துவிட்டதாம். கடைக்காரர், "இந்த சீசன்ல எல்லாரும் வலது காலைத்தான் கேக்கறாங்க" என்றாராம், இந்த அம்மாள்தான் மொழிபெயர்த்துச் சொன்னார். கொக்கிகளில் இடது கால்கள் மட்டும் அனாதையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

அப்போது பார்த்து மழை பிடித்துக்கொண்டது. கார் நிறுத்துமிடம் தூரம். ஒரு தேநீர்க் கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். அந்த அம்மாளுக்குச் சர்க்கரை இல்லாத டீதான் பிடிக்குமாம், ஆனால் பிஸ்கட்டில் நிறையச் சர்க்கரை வேண்டுமாம். இதில் என்ன நியாயம் என்று கேட்டேன். "டீ குடிக்கறதுக்கு, பிஸ்கட் சந்தோஷத்துக்கு" என்றார். வாராவாரம் யாரையாவது இந்தக் கோயிலுக்கு ஓட்டிவருகிறாராம். மலையேறும்போது ஜனங்கள் எதற்காகப் போகிறோம் என்பதைச் சொல்லிவிடுவார்களாம், இறங்கும்போது யாரும் பேச மாட்டார்களாம். "நீங்கதான் ரெண்டு பக்கமும் பல்லைப் பத்தியே பேசிட்டு வர்றீங்க" என்றார். அவருடைய கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றில் விரிசல் இருக்கிறது. சிரிக்கும்போது தெரிகிறது. சும்மா பார்த்துச் சொன்னேன். அதிலிருந்து வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறார். எதற்குச் சொன்னோம் என்று ஆகிவிட்டது.

மழை விடுவதற்குள் திரும்புகிற நேரமும் வந்துவிட்டது.

அத்தானிடம் சொல், நானே ஒரு கால் செய்கிறேன். பல் செட்டை முதலில் மெழுகில்தானே வடிக்கிறோம், மெழுகு என் தொழில்.

அன்புடன்
தம்பி


மாதா துணை
ஜூன் 28

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதத்தை உன் அத்தானுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். டீக்கடைப் பகுதியை மறுபடியும் படிக்கச் சொன்னார். ஏன் என்று கேட்டால், சத்தம் சரியாகக் கேட்கவில்லையாம். அவருக்குக் கேட்காத சத்தம் உலகத்தில் உண்டா?

டாக்டர் இன்னொரு தேதி தருகிறேன் என்றார். இவர், "மச்சினன் கால் செஞ்சிட்டிருக்கான், அவசரப்படுத்தாதீங்க" என்று பதில் சொன்னார். டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது.

சீக்கிரம் செய். அந்த டிரைவரம்மாவுக்குப் பிள்ளைகள் உண்டா? சொந்தக்காரர்கள் யார்? சமையல் தெரியுமா என்று கேட்கவில்லை, உனக்குத்தான் தெரியுமே. ஆள் எப்படி என்று மட்டும் எழுது.

அக்கா


ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கால் ஒரு வழியாக மாதாவிடம் போய்ச் சேர்ந்தது. நடந்ததைக் கேள்.

பல் செட் மெழுகு ஈறு நிறத்தில், ரோஸாகத்தான் இருக்கும். அதனால் அத்தானின் காலும் ரோஸ் நிறம். ஆனால் வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. முழங்கால் சில்லு, கெண்டைச் சதை, கணுக்கால், பெருவிரல் நகம்வரை. வலது காலா என்று என் முதலாளி, தபால்காரர், எதிர்க் கடைக்காரர் எல்லோரிடமும் காட்டி உறுதி செய்துகொண்டேன். ஒரு துண்டில் சுற்றிக் காரின் பின்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பலகையில் படுக்கவைத்தோம்.

எல்லையில் அதிகாரி துண்டைப் பிரித்தார். பின்வாங்கினார்.

"என்ன இது?"

"கால்."

"யாருடையது?"

"எங்க அத்தானோடது."

அந்த அம்மாள் குறுக்கிட்டு அரைமணி நேரம் விளக்கினார். அதிகாரி இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டார். அவர் மேலதிகாரியைக் கூப்பிட்டார். எல்லோரும் காலைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். மேலதிகாரிக்கு முதுகுவலியாம், முதுகு செய்து தர முடியுமா என்று கேட்கச் சொன்னாராம்.

இத்தனையும் நடக்கும்போது கார் வெயிலில் நின்றது. மறுபடியும் அதே பலகையில்தான் காலை வைத்தோம், அது அடுப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியவில்லை. மலையில் துண்டைப் பிரித்தபோது கால் முட்டியில் மடங்கி உட்கார்ந்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது அக்கா. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். இடது கால் போயிற்று, கடையில் கால் இல்லை, செய்த காலும் இப்படி. அங்கே அக்கா தோளில் ஒரு மனுஷனைத் தாங்கிக்கொண்டிருக்கிறாள், இங்கே என்னால் ஒரு கால் வைக்க முடியவில்லை என்றேன்.

அந்த அம்மாள் காலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்க அத்தானுக்குக் கால் மடங்கலைன்னுதானே கஷ்டம்? இது நல்லாத்தானே மடங்குது?" என்றார்.

இருவருமாகத் தூக்கிக்கொண்டு போய் வைத்தோம். நீட்டிக்கொண்டிருந்த கால்களுக்கு நடுவில் அது ஒன்றுதான் வசதியாக உட்கார்ந்திருந்தது.

இங்கே வெயில் அதிகம். மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை.

அன்புடன்
தம்பி


மாதா துணை
செப்டம்பர் 17

அன்புள்ள தம்பிக்கு,

ஆபரேஷன் முடிந்தது. நல்லபடியாக முடிந்தது. இதை முதலில் எழுதிவிட்டுத்தான் உன் நலம் விசாரிக்கிறேன். நலமா?

அன்று காலையில் அவரைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். தியேட்டர் கதவுக்குப் போனதும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நர்ஸ் விரல் விரலாக எடுத்துவிட்டாள். கதவு மூடிய பிறகு உள்ளேயிருந்து "அட்டென்ஷன்!" என்று ஒரு குரல். தனக்குத்தானே சொல்லிக்கொண்டாராம். உள்ளே இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து நின்றுவிட்டார்கள் என்று டாக்டர் சொல்லிச் சிரித்தார். வெளியே நான் சுவரில் சாய்ந்துகொண்டு, இந்த மனுஷன் இல்லாத வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவேன் என்று அழுதுகொண்டிருந்தேன்.

நேற்று வாக்கரைப் பிடித்து வராந்தாக் கோடிவரை நடந்தார். முட்டி மடங்குகிறது. நர்ஸுக்கு இப்போதே அவர் லெஃப்ட் ரைட் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

உனக்கும் உன் கைக்கும் புண்ணியம். ஜூன் மாதத்தில் நான் கேட்ட கேள்விகளுக்கு வெயில் அதிகம் என்று பதில் எழுதியிருக்கிறாய். அதற்கு என்ன அர்த்தம்?

அக்கா


அக்டோபர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

மிகுந்த சந்தோஷம். அத்தானுக்கு என் வணக்கம். மனம் நிறைந்துவிட்டது.

செய்தி வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையே நன்றி சொல்லக் கோயிலுக்குப் போனேன். அடுத்த ஞாயிறு, கால் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். இருக்கிறது. சென்ற ஞாயிறு, எல்லை மேலதிகாரிக்குச் செய்த முதுகைக் கொடுக்கப் போனதால், அப்படியே மலைக்கும் போய் வந்தேன். அந்த அம்மாள் பல்லைச் சரிசெய்துகொண்டார். இப்போது வாயைத் திறந்து சிரிக்கிறார்.

உனக்கு அடிக்கடித் தலைவலி வருமே, தலை ஒன்று வைக்கட்டுமா? கீழ் வீட்டுக்காரருக்குக் காது மந்தம் என்று எப்போதோ எழுதியிருந்தாய். காது சிறியதுதான், சுலபமாகச் செய்துவிடலாம். தெரிந்தவர்கள் யாருக்கு எது வலித்தாலும் தயங்காமல் எழுது.

அன்புடன்
தம்பி


நவம்பர் 15

அன்புள்ள மச்சினனுக்கு,

நலம். நலம் விசாரிப்பெல்லாம் உன் அக்கா பார்த்துக்கொள்வாள். அவள் கடைக்குப் போயிருக்கும்போது இதை எழுதுகிறேன். நானே படியிறங்கிப் போய் நானே தபால் பெட்டியில் போடப் போகிறேன்.

உன் தலையும் வேண்டாம், காதும் வேண்டாம். இந்த வீட்டில் இனி யாருக்கும் எதுவும் வலிக்காது.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு ஆபரேஷன் என்றால் பயம். விசிலோடு நிமிர்ந்து நின்ற ஆளுக்கு, பயம் என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் மாதா மேல் பாரத்தைப் போட்டேன். முதல் கால் என் பயத்துக்காகக் கேட்டது. ஆனால் உன் டீக்கடைக் கடிதம் வந்த பிறகு பயம் கொஞ்சம் குறைந்துவிட்டது. அப்போதே மேசையில் ஏறியிருப்பேன். ஏறினால் நீ போவதை நிறுத்திவிடுவாயே! வருஷக்கணக்காக மூன்று வரிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த பயல், ஒரு அம்மாள் டீ குடித்ததைப் பக்கம் பக்கமாக எழுதுகிறான். வலியைப் பொறுத்துக்கொண்டு நீ செய்கிற காலுக்காகக் காத்திருந்தேன். இதை உன் அக்காவிடம் சொல்லாதே, இருக்கிற நல்ல காலையும் உடைத்துவிடுவாள்.

உனக்கும் என் வியாதிதான். கேட்டால் என்ன ஆகுமோ என்று பயம். நானும் அப்படித்தான் படுத்துக் கிடந்தேன். கிடக்கக் கிடக்க வலி கூடியதே தவிரக் குறையவில்லை. நான் மேசையில் ஏறிவிட்டேன். இனி உன் முறை. வாயைத் திற. அடுத்தவன் வாயைத் திறக்கச் சொல்லித்தானே பிழைக்கிறாய்?

அத்தான்


டிசம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம். மிகவும் நலம்.

சென்ற ஞாயிறு எதையும் செய்து எடுத்துக்கொண்டு போகவில்லை. வெறுங்கையோடு காரில் ஏறினேன். "இன்னிக்கு யாருக்கு என்ன?" என்று அந்த அம்மாள் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். எல்லை போயிற்று, மலை வந்தது, மெழுகுவர்த்தி ஏற்றினோம், இறங்கினோம். ஊர் எல்லையில் சிவப்பு விளக்கு விழுந்து வண்டி நின்றபோது, கேட்டே விட்டேன். என்ன வார்த்தை சொன்னேன் என்று நினைவில்லை. பல்லைப் பற்றி இல்லை, அது நிச்சயம்.

விளக்குப் பச்சையானது. வண்டி நகரவில்லை. பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். அந்த அம்மாள் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இதைக் கேக்கறதுக்கா ஒவ்வொரு தடவையும் என்னை எல்லை தாண்டி ஓட்ட வெச்சீங்க? என் வீடு உங்க கடைக்குப் பின் தெருவுலதான் இருக்கு!"

மீதியை அவரே எழுதுகிறேன் என்று பேனாவைப் பிடுங்குகிறார்.

உங்கள் தம்பி

அண்ணிக்கு வணக்கம். அண்ணாவின் கால் எப்படி இருக்கிறது? இவர் இன்னும் என்னென்ன உறுப்பெல்லாம் கொண்டுவருவாரோ, மனிதனுக்கு உறுப்புகள் தீர்ந்த பிறகுதான் கேட்பாரோ என்று நான் பயந்தே போனேன். நல்லவேளை. அண்ணாவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். தை பிறந்ததும் வருகிறோம், இருவரும்.